மதுரைச் சித்திரைத் திருவிழா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சித்திரை நெருங்கும்போதெல்லாம் வெளியூர் நண்பர்களின் கேள்விகள் வரத் தொடங்கிவிடும். எந்த நாளில் வரலாம், எங்கே நின்று பார்க்கலாம் என்று ஆரம்பிப்பார்கள். பேச்சு வளர வளர, இத்தனை கூட்டமும் செலவும் நெரிசலும் ஒரு நகரத்துக்குத் தேவைதானா என்ற இடத்துக்கு வந்துவிடுவார்கள். தேவை என்றே ஆண்டுதோறும் சொல்லிவருகிறேன். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதைக் கேள்வி கேள்வியாக இங்கே எழுதிவைக்கிறேன்.

சித்திரைத் திருவிழா என்பது ஒரே விழாவா?

இரண்டு கோயில்களின் இரண்டு விழாக்கள். மதுரை நகருக்குள் மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலில் கொடியேறிப் பன்னிரண்டு நாள் நடப்பது ஒன்று. எட்டாம் நாள் மீனாட்சிக்குப் பட்டாபிஷேகம், ஒன்பதாம் நாள் திக்குவிஜயம், பத்தாம் நாள் திருக்கல்யாணம், பதினோராம் நாள் தேரோட்டம். மற்றொன்று, நகருக்கு வடக்கே சுமார் 21 கிலோமீட்டர் தொலைவில் மலையடிவாரத்தில் இருக்கும் அழகர்கோயிலின் விழா. அங்கிருந்து கள்ளழகர் புறப்பட்டு வந்து, சித்ரா பௌர்ணமி விடியற்காலையில் தங்கக் குதிரையில் வைகையாற்றில் இறங்குகிறார். முன்னது சிவன் கோயில். பின்னது பெரியாழ்வாரும் ஆண்டாளும் பாடிய திருமாலிருஞ்சோலை. ஆனால் மதுரைக்காரரிடம் போய் இவை இரண்டு விழாக்கள் என்று சொல்லிப் பாருங்கள், ஒப்புக்கொள்ளமாட்டார். அவருக்கு எல்லாம் சேர்ந்து ஒரே திருவிழா.

இரண்டும் எப்படி ஒன்றாயின?

1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கர் காலத்தில் இணைந்தன என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. அதற்கு முன் மீனாட்சியின் திருக்கல்யாணமும் தேரும் மாசி மாதத்தில் நடந்தன. அதன் அடையாளத்தை இன்றும் தெருவில் பார்க்கலாம். கோயிலைச் சுற்றிச் சித்திரை வீதி என்றே நான்கு வீதிகள் இருந்தும், சித்திரைத் தேர் ஓடுவது மாசி வீதிகளில்தான். மாதம் மாறியது, தேரின் தடம் மாறவில்லை.

அழகரும் அக்காலத்தில் மதுரைக்கு வரவில்லை. சோழவந்தான் பக்கம் இருக்கும் தேனூருக்குச் சென்று அங்கே ஆற்றில் இறங்கினார். விழா மதுரைக்கு மாறியபோது தேனூர்க்காரர்கள் என்ன ஆனார்கள் என்று யாருக்கும் கேட்கத் தோன்றும். அவர்கள் கைவிடப்படவில்லை. வண்டியூர்ப் பக்கம் வைகைக்குள் ஒரு மண்டபம் எழுப்பி, அதற்குத் தேனூர் மண்டபம் என்றே பெயரிட்டார்கள். மண்டூக முனிவருக்கு அழகர் சாபவிமோசனம் தரும் நிகழ்ச்சி ஆண்டுதோறும் அங்கேதான் நடக்கிறது. தேனூர் மக்களுக்கு அங்கே உரிய மரியாதையும் உண்டு. ஓர் ஊரின் விழாவை இன்னோர் ஊருக்குக் கொண்டுபோகும்போது பழைய ஊரின் உரிமையையும் கூடவே எடுத்துச் சென்றிருக்கிறார்கள். இத்திருவிழாவைப் பற்றி நான் அறிந்த செய்திகளில் என்னை மிகவும் நெகிழச் செய்வது இதுதான். அரசுத் திட்டங்களுக்காக ஊர்களை இடம் மாற்றுகிறவர்கள் ஒருமுறை வந்து இந்த மண்டபத்தைப் பார்க்க வேண்டும்.

தங்கை கல்யாணத்துக்கு அழகர் தாமதமாக வந்தார் என்கிறார்களே, அது புராணமா?

கோயில் புராணம் சொல்வது வேறு. துர்வாசரின் சாபத்தால் தவளையாகிப்போன முனிவருக்கு விமோசனம் தரவே அழகர் வைகைக்கு வருகிறார் என்பது அங்குள்ள வரலாறு. மண்டூகம் என்றால் தவளை.

மக்கள் சொல்வது இன்னொரு கதை. மீனாட்சி அழகரின் தங்கை. கல்யாணத்துக்குச் சீர் சுமந்து அண்ணன் புறப்பட்டு வருகிறார். ஆற்றங்கரைக்கு வந்து சேர்வதற்குள் தாலி கட்டி முடிந்துவிட்டது என்று காதில் விழுகிறது. நான் வருவதற்குள் என்ன அவசரம் என்று கோபித்துக்கொண்டு, ஊருக்குள் நுழையாமலே வண்டியூர்ப் பக்கம் திரும்பிவிடுகிறார். நாள்கணக்குக்கும் இது பொருந்தித்தான் இருக்கிறது. திருக்கல்யாணம் முடிந்த பிறகே அழகர் ஆற்றுக்கு வருகிறார், மீனாட்சி கோயிலுக்குள் அவர் போவதும் இல்லை. கல்யாணத்தில் தாரை வார்த்துக் கொடுப்பவர் திருப்பரங்குன்றத்திலிருந்து வரும் பவளக்கனிவாய்ப் பெருமாள்.

எது உண்மைக் கதை என்று கேட்டு வாதாடுவதில் எனக்கு நாட்டமில்லை. இரு சமயங்கள் அருகருகே இருக்கும் ஊரில், இருவரும் கொண்டான் கொடுத்தான் உறவு என்று ஒரு கதையை மக்கள் தாமே கட்டிக்கொண்டார்கள். அந்த உறவில் மனத்தாங்கலையும் வைத்தார்கள். அண்ணன் கோபித்துக்கொண்டு போவது நம் வீட்டுக் கல்யாணங்களில் நடக்காததா? கோபித்துக்கொண்டாலும் அடுத்த ஆண்டு சீரோடு வந்துவிடுகிறார் அல்லவா? அதனால்தான் பக்தியில் அவ்வளவு ஈடுபாடு இல்லாதவர்கூட அழகர் வருகிறார் என்றால் வாசலில் வந்து நிற்கிறார்.

மண்டகப்படி என்றால் என்ன? அதற்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்?

சுவாமி வரும் வழியில் ஓர் இடத்தில் இறங்கி, வழிபாடு ஏற்று, சற்று இளைப்பாறிச் செல்வது மண்டகப்படி. அழகர் மலையிலிருந்து வந்து திரும்பும் வழியில் இப்படி 400-க்கும் மேற்பட்ட மண்டகப்படிகள் இருக்கின்றன. சில கல்மண்டபங்கள், பல ஓலைப்பந்தல்கள். அவற்றை நடத்துகிறவர்களைக் கவனித்தால் இந்த நகரத்தின் குறுக்குவெட்டு தெரியும். ஒரு தெருக்காரர்கள், ஒரு சந்தையின் வியாபாரிகள், ஒரு தொழிலைச் செய்கிறவர்கள், ஒரு குடும்பத்தின் வாரிசுகள் என்று ஒவ்வொரு பந்தலுக்கும் ஓர் உரிமையாளர் இருக்கிறார்.

ஒரு விழா ஊருக்கு ஏன் முக்கியம் என்ற கேள்விக்கு என்னிடம் உள்ள பதில் இங்கேதான் இருக்கிறது. வேடிக்கை பார்க்கும் கூட்டம் எத்தனை லட்சம் என்பது பெரிதன்று. அந்தக் கூட்டத்தில் எத்தனை பேருக்கு விழாவில் ஒரு வேலை இருக்கிறது என்று பார்க்க வேண்டும். பல்லக்கு தூக்குகிறவர், தீவட்டி பிடிக்கிறவர், தேர்ச்சக்கரத்துக்குக் கட்டை போடுகிறவர், பூக் கட்டுகிறவர், நீர்மோர்ப் பந்தலில் மோர் கலக்குகிறவர், கள்ளழகர் வேடம் கட்டி விரதம் இருக்கிறவர் என அது நீண்டுகொண்டே போகிறது. அவரவர் முறை வரும்போது அவரவர் அங்கே இருந்தாக வேண்டும். ஆண்டு முழுவதும் அலுவலகத்தில் யாரும் கண்டுகொள்ளாத ஒருவரை அந்த ஒரு நாள் ஊரே எதிர்பார்த்து நிற்கிறது. சும்மா வந்து போகிற கூட்டத்துக்கு இந்தப் பிடிமானம் கிடைக்காது.

எங்கள் வீட்டுக்கு மண்டகப்படி எதுவும் கிடையாது. ஆனால் சொம்பு உண்டு. மலையிலிருந்து வரும் அழகரை ஊரே எதிர்கொண்டு அழைக்கும் எதிர்சேவையன்று பித்தளைச் சொம்பில் சர்க்கரையை நிரப்பி, மேலே வாழையிலை வைத்து, சூடம் ஏற்றி அழகருக்குக் காட்டுவது வழக்கம். பாட்டி காட்டினார், அம்மா காட்டினார், இப்போது என் மனைவி காட்டுகிறார். வேறெதற்கும் அந்தச் சொம்பை எடுப்பதில்லை. அழகர் எங்களைக் கடந்து போக அரை நிமிடம்கூட ஆகாது. அந்த அரை நிமிடத்துக்காக முந்தின வாரமே சொம்பைப் புளி போட்டுத் துலக்கி வைத்துவிடுவோம்.

விழாவில் பெண்களின் இடம் என்ன?

பட்டாபிஷேகத்திலிருந்தே தொடங்கலாம். ராயர் கிரீடம் சூட்டி, பாண்டியரின் வேப்பம்பூ மாலை அணிவித்து, செங்கோலை மீனாட்சியின் கையில் கொடுக்கிறார்கள். சித்திரை தொடங்கி ஆடி வரை நான்கு மாதம் மதுரையில் மீனாட்சி ஆட்சி. ஆவணியில்தான் சுந்தரேசுவரருக்குப் பட்டம் சூட்டுகிறார்கள். பட்டாபிஷேகத்துக்கு மறுநாள் திக்குவிஜயத்தில் எட்டுத் திக்குப் பாலகர்களையும் மீனாட்சி வென்று வருகிறாள். ஒரு பெண் முடிசூடிப் போருக்குப் போய்விட்டு வந்து, அதன் பிறகு மணமுடிக்கிறாள். அந்த வரிசையை மதுரைப் பெண்கள் குழந்தைப் பருவத்திலிருந்தே பார்த்து வளர்கிறார்கள். இந்த ஊரில் பெண் ஓங்கிப் பேசும் வீட்டை "அங்கே மீனாட்சி ஆட்சி" என்று சொல்வதும் இதனால்தான்.

திருக்கல்யாண நேரத்தில் கோயிலுக்குள் இருக்கும் பெண்கள் மட்டுமல்லாமல், வீட்டில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருக்கும் பெண்களும் புதுத் தாலிக்கயிறு மாற்றிக்கொள்கிறார்கள். ஊரே கல்யாண வீடாகிவிடுவதால் விருந்தும் உண்டு, மொய் எழுதுகிறவர்களும் உண்டு.

ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். இரவு முழுவதும் ஆற்றங்கரையில் கைக்குழந்தையோடு காத்திருக்கும் பெண்களுக்குப் போதிய கழிப்பறைகள் இல்லை. மீனாட்சிக்குச் செங்கோல் கொடுக்கும் ஊரில் இந்தக் குறை ஆண்டுக்கு ஆண்டு தொடர்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

அழகர் உடுத்தும் பட்டின் நிறத்துக்கு என்ன பொருள்?

பச்சைப்பட்டு உடுத்தி ஆற்றில் இறங்கினால் நல்ல மழை, நல்ல விளைச்சல் என்பது உழவர்களின் நம்பிக்கை. விடியும்போது முதலில் கிளம்பும் பேச்சே "என்ன பட்டு?" என்பதுதான்.

தண்ணீர் பீய்ச்சுவது எதற்காக?

கோடையில் வெகுதூரம் நடந்து வந்த அழகரைக் குளிர்விக்க. ஆட்டுத்தோல் பையில் நீரை நிரப்பி, சிறு குழாய் வழியாகப் பீய்ச்சுவது மரபு. இதைச் செய்கிறவர்கள் விரதம் இருந்து, கள்ளழகரைப் போலவும் கருப்பசாமியைப் போலவும் வேடம் தரித்து வருகிறார்கள். சில ஆண்டுகளாக மோட்டார் பொருத்திய விசைக் குழாய்களும் சாயம் கலந்த நீரும் புகுந்தன. அது சுவாமி சிலைக்கும் கேடு, தூக்கி வருகிறவர்களுக்கும் தொல்லை. அதற்குக் கட்டுப்பாடு விதிக்கப்பட்டதை வரவேற்கிறேன். தோல் பையின் நீர் எட்டும் தூரத்துக்கு ஓர் அளவு இருக்கிறது, அந்த அளவுக்குள் அன்பைக் காட்டினால் போதும்.

எல்லாரும் இங்கே சமமாகத்தான் இருக்கிறார்களா?

இல்லை. மரியாதை, முதல் உரிமை, பரிவட்டம் ஆகியவற்றில் சாதியின் வரிசை இன்னும் ஒளிந்திருக்கிறது. மீனாட்சி கோயிலுக்குள் ஒடுக்கப்பட்ட மக்கள் நுழைய 1939 ஜூலை 8 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அன்று அ. வைத்தியநாத ஐயர் தலைமையில் கக்கன் உள்ளிட்டோர் உள்ளே சென்றார்கள். திருவிழாவுக்கு நானூறு ஆண்டுப் பெருமை பேசும்போது இந்தத் தேதியையும் சேர்த்தே பேச வேண்டும்.

ஆனாலும் அழகர் விழாவில் ஒரு சிறப்பு இருக்கிறது. கோயிலுக்குள் யார் வரலாம் என்ற தடை இருந்த காலத்திலேயே, இந்தத் தெய்வம் கோயிலை விட்டு வெளியே வந்தது. மலையிலிருந்து இறங்கும்போது பதினெட்டாம்படிக் கருப்பசாமியிடம் விடைபெற்று, கண்டாங்கிப் பட்டு உடுத்தி, கையில் கம்போடு கள்ளர் கோலத்தில் நாட்டுப்புறத்தானைப் போல நடந்து வருகிறது. திறந்த சாலையில் வருவதைக் காண டிக்கெட் வேண்டியதில்லை. கரிசல் காட்டிலிருந்து வண்டி கட்டி வந்தவர்களும் ஆற்று மணலில் உட்கார்ந்து பார்த்தார்கள். திருக்கல்யாணத்துக்குக் கட்டணச் சீட்டு வந்துவிட்ட இந்நாளிலும் ஆற்றில் இறங்குவது பெரும்பாலும் பொதுவில்தான் இருக்கிறது. முக்கியப் பிரமுகர்களுக்கென்று கரையில் தடுப்புக் கட்டும் இடம் ஆண்டுதோறும் விரிந்துகொண்டே போவதைப் பார்க்கையில்தான் எனக்கு அச்சமாக இருக்கிறது.

பிற சமயத்தாருக்கு இதில் என்ன இருக்கிறது?

வண்டியூரில் அழகர் துலுக்க நாச்சியார் வீட்டுக்குப் போகிறார் என்பது மக்கள் வழக்கு. தங்கை வீட்டுக்குப் போகாமல் அங்கே போய்விட்டார் என்று உரிமையோடு சொல்லிச் சிரிப்பார்கள். வரலாற்றில் அதற்கு என்ன அடிப்படை என்று ஆராயலாம், அது வேறு வேலை. ஒரு சமூகத்தை அயலாகக் கருதாமல், உறவுமுறை சொல்லித் தங்கள் கதைக்குள் அழைத்துக்கொண்டார்கள் என்பதே எனக்குப் போதுமானது.

விழாவால் ஊருக்கு வருமானம் உண்டா?

உண்டு. விடுதிகள், பஸ்கள், பூச்சந்தை, பாத்திரக்கடைகள், தோல் பை தைப்பவர்கள், பொரிகடலை விற்பவர்கள், முடியிறக்குபவர்கள் எல்லாருக்கும் இது சம்பாதிக்கும் காலம். சித்திரைப் பொருட்காட்சியும் தொடங்கிவிடும். ஆனால் வருமானத்தை முன்னிறுத்தி விழாவுக்கு நியாயம் தேடுவது தவறு என்பேன். நாளைக்கு லாபம் குறைந்தால் விழாவையே குறைத்துவிடலாமா?

விழா நடக்காத ஆண்டுகளில் ஊர் எப்படி இருந்தது?

2020-ஆம் ஆண்டிலும் 2021-ஆம் ஆண்டிலும் பெருந்தொற்றால் மக்கள் இல்லாமல் கோயில்களுக்குள்ளேயே சடங்குகள் நடந்தன. அழகர் மலையை விட்டு வரவில்லை. திருக்கல்யாணத்தை இணையத்திலும் தொலைக்காட்சியிலும் பார்த்தோம். சித்ரா பௌர்ணமி விடியலில் நான் மொட்டைமாடிக்குப் போய் நின்றேன். ஆற்றுப் பக்கம் எந்தச் சத்தமும் இல்லை. பக்கத்து மாடியிலும் எதிர் மாடியிலும் ஆட்கள் நின்றிருந்தார்கள். யாரும் யாரிடமும் பேசவில்லை. எல்லாரும் ஆறு இருக்கும் திசையையே பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த இரண்டு ஆண்டுகளும் என் வீட்டுச் சொம்பு பரணிலேயே இருந்தது.

இவ்வளவு கூட்டத்தில் பாதுகாப்பு உண்டா?

2022 ஏப்ரல் 16 அன்று அழகர் ஆற்றில் இறங்கிய நேரத்தில் நெரிசலில் சிக்கி இருவர் உயிரிழந்தனர். இரண்டு ஆண்டு ஏக்கம் தீரக் கூட்டம் பெருகி வந்திருந்தது. ஆற்றுக்குள் இறங்கும் வழிகள் குறுகலானவை. கரையோரச் சாலைகளும் தடுப்புச் சுவர்களும் பெருகப் பெருக, மக்கள் பரவி நிற்க முன்பிருந்த மணல்வெளி சுருங்கிவிட்டது. கூட்டம் பெருகிய அளவுக்கு இடம் பெருகவில்லை என்பதை ஒப்புக்கொள்வதே முதல் வேலை. உள்ளே வரும் வழியும் வெளியேறும் வழியும் தனித்தனியாக இருக்க வேண்டும், வழிநெடுகத் திரைகள் வைத்துத் தொலைவிலேயே தரிசனம் கிடைக்கச் செய்ய வேண்டும். நாமும் ஒன்றைச் செய்யலாம். ஆற்றில் இறங்கும் அந்த ஒரு கணத்துக்காக எல்லாரும் ஒரே இடத்தில் குவியாமல், வழியில் எங்கேனும் நின்று பார்க்கலாம். எங்கே நின்றாலும் வருவது அதே அழகர்தான்.

வைகையில் தண்ணீரே இல்லையே, பிறகு ஆற்றில் இறங்குவது எப்படி?

அணையிலிருந்து திறந்துவிடுகிறார்கள். 1959-இல் வைகை அணை வந்த பிறகு, ஆற்றில் நீர் ஓடுவது இயற்கையின் கையிலிருந்து நிர்வாகத்தின் கைக்குப் போய்விட்டது. விழாவுக்கென்று திறக்கப்படும் நீர் நகரத்தை எட்டும்போது பாலங்களின் மேல் நின்று மக்கள் வேடிக்கை பார்ப்பார்கள், ஏதோ ஊருக்குப் போயிருந்த பிள்ளை திரும்பி வருவதைப் போல.

பரிபாடலில் வைகையின் புதுவெள்ளத்தில் ஊரே திரண்டு நீராடிக் களிக்கிறது. இன்று மற்ற நாள்களில் அதே ஆற்றில் சாக்கடை கலக்கிறது, ஆகாயத்தாமரை மண்டிக்கிடக்கிறது. விழாவுக்கு முன் வாரி அகற்றுகிறார்கள், விழா முடிந்ததும் மறுபடி படர்கிறது. ஆனால் ஒன்று சொல்வேன். அழகர் மட்டும் ஆண்டுக்கொரு முறை வராமல் இருந்திருந்தால் இந்த ஆறு ஆறு என்பதையே நகரம் மறந்திருக்கும். லட்சக்கணக்கானோர் வந்து நின்று பார்க்கும் ஒரு நாள் இருப்பதால்தான், இங்கே ஓர் ஆறு இருக்கிறது, அது இப்படிக் கிடக்கிறது என்ற பேச்சாவது எழுகிறது.

புதிய தலைமுறைக்கு இதில் நாட்டம் இருக்கிறதா?

கள்ளழகர் வேடம் கட்டி ஆடுகிறவர்களின் வயதைப் பாருங்கள். பாதிக்கு மேல் இளைஞர்கள், இடையிடையே ஐந்து வயதுப் பிள்ளைகள். சென்னையிலும் பெங்களூரிலும் வேலை பார்க்கிறவர்கள் தீபாவளிக்கு வராவிட்டாலும் இதற்கு வந்துவிடுகிறார்கள். 2019-இல் மக்களவைத் தேர்தல் நாளான ஏப்ரல் 18 அன்றே மதுரையில் தேரோட்டம். தேரை நிறுத்த முடியாது, தேர்தலையும் தள்ளவில்லை. மதுரைத் தொகுதிக்கு மட்டும் வாக்குப்பதிவு இரவு 8 மணி வரை நீட்டிக்கப்பட்டது. காலையில் வடம் பிடித்த கையோடு மாலையில் போய் வாக்களித்தோம்.

முதன்முறை வருகிறவர் எதைப் பார்க்க வேண்டும்?

எல்லாரும் ஆற்றில் இறங்குவதைப் பார்க்கச் சொல்வார்கள். நான் அதற்கு முந்தைய நாளைச் சொல்வேன். மூன்றுமாவடியில் தொடங்கி, புதூர் வழியாகத் தல்லாகுளம் வரை எதிர்சேவை நடக்கும். விருந்தாளியை வாசலில் நின்று வரவேற்றால் போதாது என்று, ஊரே எதிர்கொண்டு போய் அழைத்துவரும் நாள் அது. சாலையோரம் கிடைத்த இடத்தில் நின்றுகொள்ளுங்கள். யாராவது மோர் கொடுப்பார்கள், வாங்கிக் குடியுங்கள். அன்றிரவு தல்லாகுளம் பெருமாள் கோயிலில், ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்த ஆண்டாள் சூடிய மாலையை அழகருக்கு அணிவிப்பார்கள்.

கூடுதலாக ஓரிரு நாள்கள் தங்க முடிந்தால், இராமராயர் மண்டபத்தில் விடிய விடிய நடக்கும் தசாவதாரக் கோலங்களையும், பூப்பல்லக்கையும் பாருங்கள். இன்னும் ஒரு நாள் இருக்குமானால் அழகர்கோயிலுக்கே போய்விடுங்கள். மலைக்குத் திரும்பும் அழகரைப் பூசணிக்காய் சுற்றித் திருஷ்டி கழித்து உள்ளே அழைத்துக்கொள்வார்கள். கூட்டம் அதிகம் இருக்காது, அருகிலேயே நின்று பார்க்கலாம்.